மில்காவ் சொன்ன முப்பத்தொரு பறவைகள்

தன் நாய் முப்பத்துநான்கு வகைப் பறவைகளை ஒன்றுகூடத் தப்பாமல் அடையாளம் சொல்லும் என்றும், பறவைக் கணக்கெடுப்பில் தான் செய்வதெல்லாம் பென்சில் பிடிக்கிற குமாஸ்தா வேலை மட்டும்தான் என்றும், லின்காய் ஊர்த் தீயணைப்புக் கொட்டகையில், பத்தொன்பது பேருக்கு முன்னால், வாய் நிறைய ஆப்பிள் கேக்கோடு அறிவித்தார் எலியோதோரோ கார்காமோ.

எழுந்த சிரிப்பில் கொட்டகையின் தகரக் கூரை ஒரு முழம் மேலே போய்த் திரும்ப வந்து உட்கார்ந்தது. சுவரில் தொங்கிய தீயணைப்பு மணி தானாக ஒருமுறை அடித்தது என்றும் சொல்கிறார்கள். அது கொஞ்சம் அதிகம். அரைமுறைதான் அடித்தது.

சிரிக்காதவள் ஒருத்திதான். எர்மிந்தா பாரியா. எலியோதோரோவின் இறந்துபோன மனைவி ரொசால்பாவுக்குத் தங்கை. முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். அன்று அங்கே கூடியிருந்த பறவைச் சங்கத்துக்குச் செயலாளர். இன்று செவ்வாய்க்கிழமை என்று நாட்காட்டி சொன்னால், ஜன்னலைத் திறந்து தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வாள்.

"லத்தீன் பேரும் சொல்லுமா மச்சான்?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் சொல்லுவான். மத்த நாள்ல அவனுக்கு நேரமில்ல."

"எழுத்துக்கூட்டிச் சொல்லுமா, ஒரே மூச்சுல சொல்லுமா?"

"உன்ன மாதிரி டீச்சர் பக்கத்துல இருந்தா எழுத்துக்கூட்டுவான். பயம்ல?"

பேசப்பட்ட பிரமுகர் பெஞ்சுக்கு அடியில் படுத்துக் கேக் துணுக்கு விழக் காத்திருந்தார். பெயர் மில்காவ். உருளைக்கிழங்கைத் துருவிப் பன்றிக் கொழுப்பு வைத்துச் சுடுகிற தீவுப் பலகாரத்தின் பெயர் அது. நாயும் அதே நிறம், அதே உருண்டை, ஏறக்குறைய அதே அளவு கொழுப்பு. வயது பதிமூன்று.

யாரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? கால்வாயைக் கடக்கிற படகை முப்பத்தைந்து வருஷம் ஓட்டியவர் எலியோதோரோ. வழிதவறி வந்த திமிங்கிலம் ஒன்றுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்து அக்கரை சேர்த்ததாகவும், திரும்பி வரும்போது அது மாணவர் சலுகை கேட்டதாகவும் தேவாலய வாசலில் நின்று சத்தியம் செய்தவர். உலகத்தின் தென்கோடியில், பருவங்கள் தலைகீழாக வருகிற சிலோயே தீவில் மழைக்கு அடுத்தபடியாகத் தாராளமாகக் கிடைப்பது அவருடைய பொய்கள்தான்.

அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஏனென்றால் இந்த ஒரு தடவை அவர் சொன்னது உண்மை.

சங்கத்தில் கணக்கெடுக்க ஆளுக்கு ஒரு பாதை. எலியோதோரோவின் பாதை கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் தொடங்கி, காட்டுக்குள் நுழைந்து, நாலு கிலோமீட்டர் வளைந்து, கடலோரச் சேற்றுவெளியில் முடியும். அவரும் ரொசால்பாவும் கத்தியால் வெட்டித் திறந்த பாதை. அதில் அவர் வாரம் நாலு நாள் நடப்பார், நாய் முன்னால், அவர் பின்னால். அந்தக் காட்டில் மூங்கில் பின்னிக்கொண்டு கிடக்கும். பறவைகள் உள்ளே உட்கார்ந்துகொண்டு குரலை மட்டும் வெளியே அனுப்பும். அங்கே கணக்கெடுப்பது என்றால் காதால் எடுப்பது. அதனால் காது கேட்காதவருக்கும் கண் தெரியாதவருக்கும் பாதை கிடையாது என்று சங்கத்தில் விதி. எழுதியவள் எர்மிந்தா.

விதி வெறும் காகிதமல்ல. பழைய உறுப்பினர் பெலார்மினோவுக்குக் கண் மங்கியபோது, கைதட்டி, பூங்கொத்துக் கொடுத்து, பாதையை வாங்கிக்கொண்டு, கூட்டங்களில் காப்பி போடும் பொறுப்பைக் கொடுத்தார்கள். நல்ல காப்பிதான் போட்டார். கிறிஸ்துமஸ் வருவதற்குள் செத்துப்போனார். நுரையீரல் என்றார் டாக்டர். காப்பி என்றார் எலியோதோரோ.

எலியோதோரோவின் காது போன கதையை அவருக்குச் சொன்னதும் ஒரு பறவைதான்.

சுக்காவ் என்று ஒரு குருவி. கைப்பிடி அளவு, செங்கல் நிற நெஞ்சு, விறைத்து நிற்கும் வால். உடம்பு தம்மாத்துண்டு, குரல் ஒரு வண்டி. காட்டில் நடக்கும்போது அது வலப்பக்கம் பாடினால் போகிற காரியம் நடக்கும். இடப்பக்கம் பாடினால் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது. அங்கேயே உட்கார்ந்து, ஒரு சுரைக்குடுவை மாத்தே கஷாயத்தை உறிஞ்சி முடிக்கிற நேரம் பொறுத்து, அப்புறம் எழுந்து போகலாம். தீவில் இதைப் பாதிரியாரும் நம்புவார், பஸ் டிரைவரும் நம்புவார். ஒன்றையும் நம்பாத எர்மிந்தா நம்ப மாட்டாள், ஆனால் உட்கார்ந்துவிடுவாள்.

அப்படிப்பட்ட தீவில், ஓய்வு பெற்றபின் மூன்று வருஷமாக ஒரு சுக்காவ்கூட எலியோதோரோவுக்கு இடப்பக்கம் பாடவில்லை. எல்லாம் வலம். தீவு உண்டான நாளிலிருந்து தன்னைப்போல் அதிர்ஷ்டக்காரன் பிறந்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தேவாலயத்துப் பன்றிப் பரிசுக் குலுக்கலில் ஒரே வருஷத்தில் நூற்றைம்பது சீட்டு வாங்கினார். பன்றி விழவில்லை. "அது வலப்பக்கமாத்தான் வந்திருக்கும், நான் வேற பக்கம் பாத்திருப்பேன்" என்றார்.

பிறகு ஒரு ஆகஸ்ட் மாத மழையில், பாதையின் பாதியில், மில்காவ் சட்டென்று நின்றது. முகத்தை இடது பக்கம் திருப்பி, இடது முன்காலைத் தூக்கியது. "என்னடா, யாரும் கூப்பிடலயே, நட" என்று அதட்டினார். நாய் அசையவில்லை. அப்போது இடப்பக்கத்துப் புதரிலிருந்து ஒரு சுக்காவ் குதித்து, விழுந்துகிடந்த மரத்தின் மேல், கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. தொண்டை உப்பியது. அலகு திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

ஒன்றுமில்லை. ஒரு சத்தமும் இல்லை.

பாவம், ஊமைக் குருவி என்றுதான் முதலில் நினைத்தார். அலகு திறக்கிற ஒவ்வொரு தடவையும் நாயின் காது துடிப்பதை அப்புறம்தான் பார்த்தார். குடை அகலத்துக்கு விரிந்த காட்டிலைகள்மேல் மழை கொட்டுவதையும் பார்த்தார். அந்த வருஷம் மழை மெதுவாகப் பெய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார் அவர்.

படகு எஞ்சின் பக்கமே இருந்த இடது காது, அவர் ஓய்வு பெற்ற அன்றே தானும் ஓய்வு பெற்றிருக்கிறது. எல்லாப் பறவையும் வலப்பக்கம் பாடியது அதனால்தான். இப்போது வலது காதும் மெல்ல மூட்டை கட்டத் தொடங்கியிருந்தது. எதிரே நின்று உரக்கப் பேசினால், உதட்டைப் பார்த்துக்கொண்டே பேச்சைப் பிடித்துவிடுவார். காடு அப்படி எதிரே வந்து நின்று பேசாது.

ஈரமரத்தின் மேல் ஒரு மாத்தே குடிக்கிற நேரம் உட்கார்ந்திருந்தார். மாத்தே கொண்டுவரவில்லை.

அன்றிலிருந்து நாயைப் படிக்க ஆரம்பித்தார். சுக்காவ் என்றால் அந்தப் பக்கத்து முன்கால் தூக்கும். ஆள்காட்டி என்றால் காதைப் படிய வைத்து அவர் காலுக்கிடையில் ஒளியும். குட்டியாக இருந்தபோது ஆள்காட்டி ஜோடி ஒன்று மண்டையில் கொத்தியதை மறக்கவில்லை. வெத்வெத் என்கிற கறுத்த தரைப்பறவை குரைப்பதுபோலக் கூவும். அதை வேறெங்கோ இருக்கிற அற்ப நாய் என்று நினைத்து, ஒரே ஒரு குரைப்பில் பதில் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மரங்கொத்திக்குத் தலை சாய்ப்பு. மீன்கொத்திக்குப் பொறாமையில் ஒரு முனகல். அரிவாள்மூக்கன் கூட்டம் தலைக்கு மேல் கத்திக்கொண்டு போனால் கொட்டாவி. முள்வாலன் என்கிற சின்னஞ்சிறு குருவி, காதுக்கு வயதானால் முதலில் நழுவுகிற ஊசிக்குரலில் கீச்சிட்டால் வாலின் நுனி மட்டும் ஆடும், மீதி வால் ஆடாது. அன்னத்துக்குப் பூசையில் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்காரும்.

ஒரு வருஷம் முழுக்க, நாய் சொன்னதைக் கண்ணால் கண்டு உறுதி செய்யாமல் ஒரு பெயர்கூட அவர் எழுதவில்லை. புதருக்குள் தவழ்ந்தார். முள்ளில் சட்டை கிழிந்தது. நாய் ஒரே ஒரு தடவைதான் தப்பாகச் சொன்னது. அன்றைக்கு அதற்குச் சளி. அப்புறம் நம்பினார். நம்பியதை மறைக்க, அதையே ஊர் சிரிக்கும்படி உரக்கச் சொன்னார். பொய்யன் என்று பெயரெடுத்தவனுக்கு உண்மையை ஒளித்து வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

கொட்டகைக் கூட்டம் நடந்தது ஏப்ரலில், காட்டுக்குள் மஞ்சள் இலை உதிர்கிற காலம். ஜூலை வந்தது. மழை வேலிக் கம்பிகளை வளைத்தது, தபால்காரர் துடுப்புப் போட்டுக் கடிதம் கொடுத்தார். அவரும் நாயும் நடப்பதை நிறுத்தவில்லை. ஆனால் மில்காவ் சரிவுகளில் நின்று நின்று ஏறத் தொடங்கியிருந்தது. தான் களைத்துப் போனதாகக் காட்டிக்கொண்டு, எலியோதோரோவும் நின்று நின்று ஏறினார்.

ஒரு சனிக்கிழமை மதியம் எர்மிந்தா கோழி சூப்போடு வந்தாள். விறகடுப்பின் மேல் கெட்டில் கொதித்துக் கூவிக்கொண்டிருந்தது. எலியோதோரோ அதற்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, பைனாகுலர் கண்ணாடியை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் வாசலிலேயே நின்று கொஞ்சநேரம் பார்த்தாள். மில்காவ் தலையைத் தூக்கி அவள் பக்கம் திருப்பியது. அவரும் திரும்பினார்.

"மச்சான், கெட்டில் உசுரு போற மாதிரிக் கத்துது."

"கத்தட்டும். அதுக்கும் மனசுல ஏதாச்சும் இருக்கும்."

அவள் கெட்டிலை இறக்கி வைத்தாள். உட்காரவில்லை.

"அக்டோபர் கணக்கெடுப்புக்கு நான் உங்க பாதைக்கு வரேன்."

"எதுக்கு? முழங்கால் வரைக்கும் சேறு."

"என் முழங்காலப் பத்தி நான் கவலப்பட்டுக்கறேன். போன வருஷம் உங்க லிஸ்ட்ல முப்பத்துநாலு. பக்கத்துப் பாதையில பதினெட்டு. ரெண்டே காது வெச்சிருக்கிற ஆளுக்கு அவ்வளவு வராது."

"எனக்கு நாலு காது. ரெண்டு தொங்கும்."

அவள் சிரிக்கவில்லை. சூப்பை ஊற்றினாள். "கணக்கு ஒத்துவரலன்னா பாதைய வேற ஆளுக்குக் கொடுக்கணும் மச்சான். நீங்கன்னு பாக்க முடியாது" என்று, உதட்டை நன்றாகத் திறந்து, அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். சூப் நன்றாக இருந்தது. அவர் தன் பங்கை மில்காவுக்கு வைத்துவிட்டார்.

செப்டம்பரில், சுதந்திர தினக் கொண்டாட்டம் முடிந்து ஊர் தலைவலியோடு படுத்திருந்த மறுநாள், மில்காவ் இரண்டு தடவை தும்மியது. வெள்ளைக் கொண்டை ஃபியோஃபியோ குருவி வடக்கிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அண்ணாந்து பார்த்தார், கிளை நுனியில் இருந்தது. வசந்தம். தும்மி முடித்த நாய் பாதையிலேயே படுத்துக்கொண்டது. எழுந்திருக்கவில்லை.

தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அங்குத் நகரத்துக்குப் போனார். கால்நடை மருத்துவர் பெண். வயிற்றை அழுத்திப் பார்த்தார், படம் எடுத்தார், மண்ணீரலில் கட்டி என்றார். இந்த வயதில் கத்தி வைப்பதற்கில்லை என்றார்.

"எத்தன நாள்?"

மருத்துவர் நாயின் தலையைத் தடவிக்கொண்டே குனிந்தவாக்கில் பதில் சொன்னார். உதடு தெரியவில்லை.

"எத்தன நாள்?" என்று மறுபடி கேட்டார்.

மருத்துவர் இன்னும் மென்மையாகச் சொன்னார். அதுவும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை கேட்டபோது அந்தப் பெண் நிமிர்ந்தார், கண் கலங்கியிருந்தது.

"மூணு வாரம் தாத்தா. நாலு இருந்தா அதிர்ஷ்டம்."

கணக்கெடுப்புக்கு இருபத்துநான்கு நாள் இருந்தது. திரும்பும் பஸ்ஸில் நாயை மடியில் வைத்துக்கொண்டு அதன் தொங்கு காதுக்குள் சொன்னார், "அவசரப்படாத. டீச்சர் வர்றா. அன்னைக்கு மட்டம் போட்டா ரெண்டு பேர் பேரும் போயிடும்." பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எவ்வளவு உரக்கச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த இருபத்துநான்கு நாளில் தீவில் எந்த மேயரும் தின்னாத அளவுக்கு மாட்டிறைச்சி தின்றது மில்காவ். கடைசி நாட்களில் முகர்ந்துபார்த்துவிட்டு வைத்துவிட்டது.

அக்டோபர்க் கணக்கெடுப்பு நாளன்று காலை ஏழு மணிக்கு, ரப்பர் பூட்ஸும் தடித்த அட்டை நோட்டுமாக எர்மிந்தா கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வந்தாள். எலியோதோரோ ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியோடு நின்றார்.

"என்ன மச்சான், பறவை பாக்கப் போறோமா, சிமெண்ட் மூட்டை ஏத்தப் போறோமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கம்பளிப் போர்வைக்குள் மில்காவ், தலை மட்டும் வெளியே. அவள் குரல் இறங்கியது. "நடக்க முடியலயா?"

"முடியும். இன்னைக்கு அவன் அதிகாரி. அதிகாரிங்க எங்க நடக்குறாங்க?"

புறப்பட்டார்கள். கல்லறைப் புல்வெளியில் நாயின் காது படிந்தது. "ஆள்காட்டி" என்றார். அவள் எழுதினாள். கொட்டாவி விட்டது. "அரிவாள்மூக்கன், எட்டு இருக்கும்" என்றார் அண்ணாந்து பார்த்து. எட்டுதான். காட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பலவீனமான குரைப்பு. "வெத்வெத்." எர்மிந்தாவுக்கும் கேட்டது. எழுதினாள். மரங்கொத்தி. ஃபியோஃபியோ. வலப்பக்கம் சுக்காவ். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொன்றாகக் காதில் வாங்கிச் சரிபார்த்து எழுதினாள். பதினாறு ஆனது. அவர் நெஞ்சு கொஞ்சம் இளகியது.

ஆனால் எர்மிந்தா முப்பத்தெட்டு வருஷம் காப்பியடிக்கிற பிள்ளைகளைப் பிடித்தவள். விடை எழுதுகிறவன் கையை அவள் பார்ப்பதில்லை, கண்ணைப் பார்ப்பாள். இவர் கண் புதருக்கே போகவில்லை. காட்டுக்குள் வந்ததிலிருந்து வண்டியைத் தாண்டிப் போகவே இல்லை.

இரண்டடி பின்னால் தங்கி, சாதாரணக் குரலில் சொன்னாள்: "மச்சான், உங்க கால்சட்டை பின்னாடி முழுசாக் கிழிஞ்சு தொங்குது."

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். மில்காவ் மட்டும் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. அதைப் பார்த்து அவரும் திரும்பினார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றாள் எர்மிந்தா. "நடங்க."

அவள் முகம் மாறியிருந்ததை அவர் பார்த்தார். தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. இருவரும் அரைக் கிலோமீட்டர் நடந்தார்கள். முடிந்துபோன ஒரு விஷயத்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவதுபோல இருந்தது அவருக்கு.

பெரிய வளைவில் மில்காவ் அசைந்தது. போர்வைக்குள்ளிருந்து ஒரு முன்கால் வெளியே வந்தது. நடுங்கிக்கொண்டே உயர்ந்தது. இடது கால்.

வலது என்று சொல்லிவிட்டால் போய்க்கொண்டே இருக்கலாம். இன்னும் பாதிப் பாதை பாக்கி. நாயின் மூச்சு ஒரு மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் சேற்றுவெளிக்குப் போய்ச் சேருமோ என்னவோ. வாழ்நாளில் பொய் சுலபமாகக் கிடைத்த எந்த இடத்திலும் அவர் உண்மையைத் தேடிப் போனதில்லை.

"சுக்காவ்" என்றார். "இடப்பக்கம்."

"இடப்பக்கம்தான்" என்றாள் எர்மிந்தா. உட்கார்ந்தார்கள்.

அவள் பையிலிருந்து ஃபிளாஸ்க்கும் சுரைக்குடுவையும் எடுத்து மாத்தே போட்டாள். ஒரே உறிஞ்சுகுழலில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். எதிரே அர்ராயான் மரம், செம்பட்டைத் தண்டு, மழை ஈரம். அப்போது போர்வையின் ஓரத்தில் வால் நுனி மட்டும் ஆடியது. மீதி வால் ஆடவில்லை.

"முள்வாலன்" என்றார் எலியோதோரோ. "எழுதிக்கோ."

அவள் காதைத் தீட்டிக் கேட்டாள். "இல்ல."

"இருக்கு."

"எனக்கு ரெண்டு காது நல்லா இருக்கு மச்சான். ஒண்ணும் கத்தல. நாய்க்கு வலி, அதான் வால் ஆடுது. நான் எழுத மாட்டேன்."

"வலிக்கு அவன் வால் ஆட்டுறதில்ல."

அவள் நோட்டை மூடினாள். அவர் குடுவையைக் கீழே வைத்தார். வால் நுனி நிற்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு அர்ராயான் மரத்துக்குள் ஏதோ கலைந்தது. கட்டைவிரல் அளவுக் குருவிகள், முதுகில் கோடுகள், சீப்புப் பல் மாதிரி வால், ஒன்று, மூன்று, ஆறு, அடிமரத்தில் தலைகீழாக ஓடிவந்து அவர்கள் மூக்குக்கு நேரே தொற்றிக்கொண்டன. ஆறு அலகும் இடைவிடாமல் திறந்து திறந்து மூடின.

எர்மிந்தா எழுந்து மரத்தின் அருகே போனாள். இன்னும் அருகே போனாள். கையைக் குவித்து முதலில் ஒரு காதில் வைத்தாள், பிறகு மறு காதில்.

"கத்துதா?" என்று திரும்பிக் கேட்டாள். அவள் குரல் பள்ளிக்கூடக் குரலாக இல்லை.

"எனக்கென்ன தெரியும்?" என்றார் எலியோதோரோ. "அவனக் கேளு."

அவள் குருவிகளை விரல்விட்டு எண்ணினாள். பிறகு வந்து, வண்டிக்குப் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்து, நோட்டைத் திறந்து எழுதினாள்: முள்வாலன், ஆறு.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள், அவர் முகத்துக்கு நேராக.

"இது ரெண்டு வருஷம். இடது அதுக்கு ரொம்ப முன்னாடி."

"விதி தெரியும்ல."

"நீ எழுதினதுதான்."

எழுந்து, வண்டியின் ஒரு கைப்பிடியை அவள் பிடித்தாள். ஒற்றைச் சக்கர வண்டியை இரண்டு பேர் தள்ளினால் அது குடிகாரன் மாதிரிதான் போகும். அப்படியே போனது. சேற்றுவெளிக்கு வந்தபோது கடல் விலகியிருந்தது. உலகத்தின் மறுமுனையிலிருந்து பறந்து வந்த நீள அலகு மூக்கன் பறவைகள், எலியோதோரோ கணக்கில் ஒரு லட்சம், எர்மிந்தா கணக்கில் முந்நூற்றுப் பன்னிரண்டு, சேற்றைத் துளைத்துக்கொண்டிருந்தன. தூரத்து நீரில் இரண்டு அன்னங்கள். மில்காவ் முன்காலை ஊன்றி எழப் பார்த்தது. அவர் முதுகுக்குக் கை கொடுத்தார். பூசையில் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தது. மொத்தம் முப்பத்தொன்று.

அடுத்து வந்த புதன்கிழமை காலை, அடுப்படியில், அவர் ரொட்டி வாட்டிக்கொண்டிருக்கும்போது மில்காவின் உயிர் போயிற்று. ஏதாவது முனகியிருந்தால் அவருக்குக் கேட்டிருக்காது. அந்த நினைப்பை அவரால் எந்தப் பொய்யாலும் மூட முடியவில்லை.

பாதை தொடங்கும் இடத்தில் குழி வெட்டினார். மழை. எர்மிந்தா குடை பிடித்தாள், அவருக்கல்ல, நாய்க்கு.

மறுநாள் தனியாகக் காட்டுக்குள் போனார். இலைகள் ஆடின. கிளைகள் ஆடின. எங்கேயோ எதுவோ பாடிக்கொண்டிருந்திருக்கும், வலமோ இடமோ. போவதா நிற்பதா என்று சொல்ல யாருமில்லை. பெரிய வளைவு வரைகூடப் போகாமல் திரும்பினார். அதற்கப்புறம் மூன்று வாரம் பூட்ஸ் போடவில்லை.

நவம்பர்க் கூட்டத்தில் சங்கத் தலைவர் அபெலார்தோ அக்டோபர் முடிவுகளைப் படித்தார். எல்லாப் பாதைகளிலும் எலியோதோரோவின் பாதைதான் முதலிடம். கைதட்டினார்கள். அவர் எழுந்து நின்றார். என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வந்திருந்தார். நாய் இல்லாமல் பாதை எப்படியும் கையைவிட்டுப் போகும். செவிடன் என்று தெரிந்தால் பூங்கொத்துக் கொடுத்துக் காப்பிப் பாத்திரத்தைக் கையில் தருவார்கள். பொய்யன் என்றால் பாதையை மட்டும் பிடுங்கிக்கொள்வார்கள். பொய்யன் போட்ட காப்பியை யாரும் குடிக்க மாட்டார்கள்.

"அந்த லிஸ்ட் பொய்" என்றார். "நானா உக்காந்து எழுதினது. முப்பத்தொண்ணையும் அடிச்சிடுங்க. பாதைய வேற யாருக்காச்சும் கொடுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. நாய் இறந்தது ஊருக்கே தெரியும்.

"எல்லாமேவா எலியோ ஐயா?" என்றார் அபெலார்தோ.

"எல்லாமே. அந்த நாய்க் கதையும். நாய்க்கு எங்கயாச்சும் பறவை தெரியுமா?" அதைச் சொன்னபோது அவர் குரல் எந்த அளவில் வந்தது என்று அவருக்குத் தெரியாது. எதிரே இருந்தவர்கள் குனிந்துகொண்டதை மட்டும் பார்த்தார்.

பிறகு எல்லா முகங்களும் அவருக்கு இடப்பக்கம் திரும்பின. யாரோ பேசுகிறார்கள். அவரும் திரும்பினார். எர்மிந்தா எழுந்து நின்றிருந்தாள். சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தி, அவர் திரும்புகிறவரை காத்திருந்து, முதலிலிருந்து மறுபடி, கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாக, அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒண்ணையும் அடிக்கக் கூடாது. நான் கூடவே நடந்தேன். ஒவ்வொண்ணா சரிபாத்துத்தான் எழுதினேன். முப்பத்தொண்ணையும் அந்த நாய்தான் சொல்லிச்சு, இவரு எழுதச் சொன்னாரு. அதுல ஒண்ணு எனக்கே கேக்கல, அவனுக்குக் கேட்டுச்சு. வேற யாராச்சும் வந்து சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனா நடந்துச்சு. நான் பாத்தேன்."